டூ வீலர் இன்சூரன்ஸ் கம்பெனி மாற்ற என்ன பேப்பர் வேண்டும்?

கேள்வி இதுதான்: "சென்னையில் 125 சிசி ஸ்கூட்டர், ஷோரூமில் புதிதாக வாங்கி மூன்று வருஷம் ஆகப்போகிறது. அடுத்த மாதம் இன்சூரன்ஸ் முடிகிறது. வேறு கம்பெனியில் 400 ரூபாய் குறைவாகக் காட்டுகிறது. மாறுவதற்குப் பழைய கம்பெனியிடம் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்க வேண்டுமா? என்னென்ன பேப்பர் கேட்பார்கள்? போன டிசம்பரில் ஆட்டோ உரசி முன் பேனல் உடைந்ததற்கு 3,400 ரூபாய் கிளைம் வாங்கியிருக்கிறேன். 'கிளைம் இல்லை என்று போட்டுவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்' என்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். போடலாமா?"

போடாதீர்கள். கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற பேப்பரில் தவறு வந்தால் ஒரு மெயில் அனுப்பித் திருத்திக்கொள்ளலாம். இதில் தவறு வந்தால் வண்டி காணாமல் போகும் அன்றுதான் தெரியும். பதினெட்டு வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். டூ வீலர் கிளைமில் நான் பார்த்த மனவருத்தங்களில் பாதி இந்த ஒரு டிக் அடித்ததால் வந்தவை.

விவரமாகச் சொல்கிறேன். ஒரு வருஷம் கிளைம் வாங்காமல் ஓட்டினால் அடுத்த வருஷ பிரீமியத்தில் கழிவு கிடைக்கும். இதைத்தான் என்சிபி என்கிறோம். முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியாக 50. சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு கிளைம் வாங்கினால் மறு வருஷம் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். ரூபாய் 3,400 ஆனாலும் 34,000 ஆனாலும் அதே விதிதான். உங்கள் வண்டியின் இப்போதைய பாலிசியில் 25 என்று அச்சாகியிருக்கும். கிளைம் வாங்காமல் இருந்திருந்தால் இந்த முறை 35 வந்திருக்கும். வாங்கிவிட்டதால் உங்களுக்கு உரியது பூஜ்யம்.

இந்தப் பொய்யால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் மதிப்பு, அதாவது ஐடிவி, 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 சிசிக்குள், ஐந்து வயதுக்குள் உள்ள சென்னை வண்டிக்குப் பழைய கட்டண அட்டவணைப்படி சொந்த சேதத்துக்கான அடிப்படை பிரீமியம் 1.708 சதவீதம். அதாவது 854 ரூபாய். அதில் 35 சதவீதம் 299 ரூபாய். இப்போது கம்பெனிகள் அட்டவணையிலிருந்து பெரிய தள்ளுபடி தருவதால் நிஜத்தில் இன்னும் குறைவாகத்தான் வரும். ஒரு வேளை பிரியாணிக் காசுக்காக ஐம்பதாயிரம் ரூபாய் வண்டியைப் பணயம் வைக்கச் சொல்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். கிளைம் வரும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

"யாரும் பார்க்க மாட்டார்கள்" என்பதும் உண்மை இல்லை. ஆன்லைனில் நீங்கள் "கிளைம் இல்லை" என்று தேர்வு செய்வது சட்டப்படி ஓர் உறுதிமொழி. அந்த உறுதிமொழியின் வாசகத்திலேயே, தவறு என்று தெரிந்தால் சொந்த சேதப் பிரிவின் எல்லாப் பலன்களையும் இழப்பேன் என்று இருக்கும். புதிய கம்பெனி பாலிசி கொடுத்த 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும், பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று மோட்டார் டாரிஃப் விதி சொல்கிறது. எல்லாக் கம்பெனியும் எல்லா ஸ்கூட்டருக்கும் இதை உடனே செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் கிளைம் என்று ஒன்று வந்தவுடன் தோண்டிப் பார்ப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். பைக் திருடு போனது. எஃப்ஐஆர் நகல், ஆர்சி, இரண்டு சாவி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது சாவியைத் தொலைக்காமல் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த அளவு ஒழுங்கான மனிதர். ஆனால் அதற்கு முந்தின வருஷம் வேறு கம்பெனியில் 1,800 ரூபாய்க்கு ஒரு கிளைம் வாங்கியிருந்தார். மாறும்போது பாலிசி போட்டுக்கொடுத்தவர் இவரைக் கேட்காமலேயே "இல்லை" என்று தட்டிவிட்டிருக்கிறார். கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் மூன்றே வரி: தவறான உறுதிமொழி, கிளைம் நிராகரிக்கப்படுகிறது. 21 நாளில் சரிபார்க்க வேண்டிய கடமையைக் கம்பெனி செய்யவில்லை என்று வாதாட இடம் உண்டு, வாதாடினோம். ஆனால் அந்த வாதத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. அவருக்கு அந்தப் பைக் வேலைக்குப் போகத் தேவை. அந்த நாட்களில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தார்.

ஏற்கெனவே இப்படித் தவறாகப் போட்டு பாலிசி வாங்கியிருப்பவர் யாராவது இதைப் படித்தால், கிளைம் வருவதற்கு முன் இன்றே கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். வித்தியாசத் தொகையைக் கட்டினால் திருத்தி, அந்தத் திருத்தத்தைக் காட்டும் என்டார்ஸ்மென்ட் என்ற தாளைக் கொடுப்பார்கள். அந்த என்டார்ஸ்மென்ட் கையில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கிளைமே வாங்காத நேர்மையானவர்களும் இதே இடத்தில் ஒரு தவறு செய்கிறார்கள். படிவத்தில் "பழைய பாலிசியில் என்சிபி எவ்வளவு" என்று கேட்கும். பழைய பாலிசியில் அச்சாகியிருக்கும் எண்ணைத்தான் அங்கே போட வேண்டும். 25 என்று இருந்தால் 25. அடுத்த படிக்கு அதுவே ஏற்றிக்கொள்ளும். நமக்கு இந்த வருஷம் 35 வர வேண்டுமே என்று 35 போட்டால் அது 45 ஆகிவிடும். தெரியாமல் செய்தாலும் தவறான உறுதிமொழிதான்.

சரி, இப்போது என்ஓசி. வேண்டாம். பழைய கம்பெனியிடம் அனுமதியும் கேட்க வேண்டாம், கடிதமும் கொடுக்க வேண்டாம். தேதி முடிந்தால் பாலிசி தானாக முடியும். பழைய ஏஜென்டோ ஷோரூமோ "இங்கேதான் போட வேண்டும்" என்று சொன்னால் அது அவர்கள் ஆசை, உங்களுக்குக் கட்டாயம் இல்லை. என்ஓசி என்று காதில் விழுந்தது அனேகமாக வண்டிக் கடன் சம்பந்தப்பட்டதாக இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் உங்கள் விஷயத்தில் முக்கியம். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய டூ வீலருக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பு, கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த ஏற்பாடு. அதனால் ஷோரூமில் நீங்கள் வாங்கிய பாலிசியில் இரண்டு காலம் இருக்கும்: சொந்த சேதத்துக்கு, அதாவது ஓடிக்கு, ஒரு வருஷம், தேர்ட் பார்ட்டிக்கு ஐந்து வருஷம். உங்கள் தேர்ட் பார்ட்டி இன்னும் இரண்டு வருஷம் அந்த முதல் கம்பெனியிலேயே ஓடும். அடுத்த மாதம் முடிவது ஓடி மட்டும்தான். அதை மட்டும் வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகலாம். தனி ஓடி பாலிசி என்றே 2019 செப்டம்பர் முதல் விற்கிறார்கள்.

இது தெரியாமல் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று கேட்டால், இருக்கிற தேர்ட் பார்ட்டிக்கு மேல் இன்னொன்றுக்குப் பணம் கட்டிவிட வாய்ப்பு உண்டு. 2022 ஜூன் 1-ல் வந்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை தேர்ட் பார்ட்டி வருஷத்துக்கு 714 ரூபாய். புதிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து 3,851 ரூபாய். நீங்கள் அந்த 3,851-ஐ ஷோரூம் பில்லிலேயே கட்டிவிட்டீர்கள். இரண்டாவது தடவை 714 எதற்கு?

ஆகவே புதிய கம்பெனி கேட்கும் முதல் ஆதாரம் ஷோரூமில் கொடுத்த அந்தப் பழைய பாலிசியே. அதன் எண், கம்பெனி பெயர், தேர்ட் பார்ட்டி முடியும் தேதி மூன்றும் வேண்டும். பலர் இரண்டாம் வருஷ, மூன்றாம் வருஷ ஓடி பாலிசியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் பாலிசியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மெயிலில் வண்டி வாங்கிய மாதத்தில் தேடிப்பாருங்கள். இல்லை என்றால் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் வண்டி எண்ணும் மொபைல் எண்ணும் போட்டு இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, இப்போது முடியப்போகும் ஓடி பாலிசி. முழு பிடிஎஃப்பும் இருக்கட்டும். ஆனால் உண்மையில் பார்க்கப்படுவது ஷெட்யூல் என்ற அந்த ஒரு பக்கம். நானாக இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்து, பக்கத்தில் ஆர்சியை வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பேன். பெயர், வண்டி எண், பதிவு தேதி, சிசி, எஞ்சின் எண், சேசிஸ் எண். சேசிஸ் எண்ணில் 17 எழுத்து இருக்கும். பூஜ்யமா ஆங்கில ஓ எழுத்தா, ஒன்றா ஐ எழுத்தா என்று குழம்ப வேண்டாம். அந்த 17-ல் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்தும் வராது. வட்டமாக இருந்தால் பூஜ்யம்தான். பழைய பாலிசியில் இது தவறாக இருந்து, அதையே பார்த்து புதியதிலும் ஏற்றினால் தவறும் கூடவே போகும். ஆதலால் ஆர்சியைப் பார்த்து ஏற்றுங்கள், பழைய பாலிசியைப் பார்த்து ஏற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் வண்டியின் பிரேமில் குத்தியிருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். ஆர்டிஓ ஆபீஸில் எடுப்பார்களே, அதே மாதிரி அப்படியே பதியும்.

பம்பர் டு பம்பர், அதாவது கிளைமில் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் என்ற சேர்க்கை, புதிய கம்பெனியிலும் வேண்டும் என்றால் பழைய பாலிசியிலும் அது இருந்ததா என்று கேட்பார்கள். ஷெட்யூலில் அந்த வரி இருக்க வேண்டும்.

கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். பான் அல்லது ஆதார் போதும். பெயர் எழுத்து ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் நம் ஊரில் சகஜம், ஆனால் அப்பா பெயரே முழுப்பெயராக ஏறியிருந்தால் திருத்திவிடுங்கள். புகைச் சான்றிதழைப் பற்றியும் கேட்கிறார்கள். அது இல்லாமல் இன்சூரன்ஸ் கொடுக்கக்கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை விதித்திருந்தது. 2024 ஜூலையில் அதை எடுத்துவிட்டது. போலீஸ் சோதனைக்கு அது தனியாக வேண்டும், அதனால் எடுத்து வையுங்கள்.

ஓட்டுநரின் சொந்த விபத்துக் காப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வண்டி உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய்க்கு இது கட்டாயம். உங்கள் முதல் பாலிசியில் இது ஒரு வருஷத்துக்கா, ஐந்து வருஷத்துக்கா என்று ஷெட்யூலில் போட்டிருக்கும். வேறு வண்டிக்கோ தனியாகவோ ஏற்கெனவே எடுத்திருந்தால் திரும்ப எடுக்க வேண்டாம், அதற்கு ஓர் உறுதிமொழி கேட்பார்கள். எதுவும் எடுக்காமலேயே "என்னிடம் இருக்கிறது" என்று டிக் அடித்து முந்நூறு சொச்சத்தை மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அந்தப் பணம் வீட்டில் இருப்பவர்களுக்கானது. இன்னொன்று, வண்டி மனைவி பெயரில் இருந்து அவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் இந்தக் காப்பை எடுக்க முடியாது. கணவர் ஓட்டுகிறார் என்றாலும் இது அவருக்குப் பொருந்தாது. அந்த வீட்டில் ஓட்டுகிறவர் தனியாக ஒரு விபத்துப் பாலிசி வாங்குவதுதான் சரி.

இப்போது கடன் என்ஓசி. ஆர்சியில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் புதிய பாலிசியிலும் அதே பெயர் ஏற வேண்டும். விட்டுவிட்டால் வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ பணம் வரும் நேரத்தில் தகராறு வரும். கடன் முடிந்துவிட்டது என்றால் வங்கியின் என்ஓசியையும் படிவம் 35-ஐயும் ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பிறகு இன்சூரன்ஸ் மாற்றுங்கள். கடனை அடைத்து வருஷக்கணக்காகியும் ஆர்சியில் வங்கிப் பெயரோடு ஓடும் வண்டிகள் ஏராளம்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஆர்சியை மாற்றாமல், பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆன்லைனில் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறார்கள். வண்டி எண்ணைத் தட்டினால் பாலிசி வந்துவிடுகிறது, போலீஸும் பிடிப்பதில்லை. ஆனால் அந்த பாலிசியில் நீங்கள் இல்லை. உங்கள் கை உடைந்தாலும் வண்டி உடைந்தாலும் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவுப்படி, வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். பழைய உரிமையாளரின் என்சிபி உங்களுக்கு வராது. அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு போவது. விற்றவர் அவர் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் அவர் வாங்கும் அடுத்த வண்டிக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை யாரும் கேட்டு வாங்குவதே இல்லை. 50 சதவீதம் சேர்த்து வைத்திருந்தவர்கள் கூட அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

தேதிக்கு வருகிறேன். பழைய ஓடி முடியும் நள்ளிரவுக்கு அடுத்த நிமிடம் புதியது தொடங்க வேண்டும். முடிவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். தொடங்கும் தேதி தானாகச் சரியாக விழும். உங்கள் மாதிரி ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இருப்பவர்களுக்கு ஓடி முடிந்ததே தெரியாமல் போகும். சாலையில் நிறுத்திக் கேட்டாலும் இன்சூரன்ஸ் உயிரோடு இருப்பதாகத்தான் காட்டும், அபராதம் வராது. அதனால் மாதங்கள் ஓடிவிடும். ஓடி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த என்சிபி போய்விடும். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலே புதிய கம்பெனி வண்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். இப்போது மொபைலுக்கு ஒரு லிங்க் வரும். வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து, சேசிஸ் எண்ணையும் மீட்டரையும் காட்டி அனுப்ப வேண்டும். மொட்டை மாடி நிழலில் எடுக்காமல் வெயில் வெளிச்சத்தில் எடுங்கள், ஒரே தடவையில் முடிந்துவிடும். பழைய கீறல் இருந்தால் மறைக்காதீர்கள். அது பதிவாகியிருப்பது பின்னால் வரும் புதிய சேதத்தைப் பிரித்துக் காட்ட உங்களுக்கே உதவும்.

அந்த 400 ரூபாய் வித்தியாசத்தையும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். புதிய கம்பெனியின் திரையில் "கிளைம் இல்லை" என்பதே முன்கூட்டித் தேர்வாகியிருந்திருக்கலாம். ஐடிவி குறைவாக வைத்திருக்கலாம். ஜீரோ டெப் இல்லாமல் காட்டியிருக்கலாம். கிளைம் உண்டு என்று மாற்றி, பழைய கம்பெனியின் அதே ஐடிவியைப் போட்டு, அதே சேர்க்கைகளோடு விலையைக் கேளுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் தாராளமாக மாறுங்கள். நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்து சர்வீஸ் சென்டரில் எந்தக் கம்பெனிக்கு கேஷ்லெஸ் இருக்கிறது என்று கேட்டு அதை வைத்து முடிவு செய்வேன் நான்.

பணத்தை ஆன்லைனில் கம்பெனிக்கே நேராகக் கட்டுங்கள். தனிநபர் ஜிபேவுக்கு அனுப்பாதீர்கள். பாலிசி வந்ததும் கம்பெனி இணையதளத்தில் எண்ணைப் போட்டு அது நிஜமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்காக யாராவது படிவம் நிரப்பியிருந்தால், பாலிசியோடு வரும் முன்மொழிவுப் படிவத்தைத் திறந்து, கிளைம் பற்றிய கேள்விக்கு என்ன பதில் ஏறியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். தவறு இருந்து, கம்பெனி திருத்த மறுத்தால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மாறிய பிறகு பழைய பாலிசிகளை அழித்துவிடாதீர்கள். விபத்து வழக்கு நோட்டீஸ் மாதங்கள் கழித்தும் வரும். விபத்து நடந்த தேதியில் எந்த பாலிசி இருந்தது என்பதைத்தான் தீர்ப்பாயம் கேட்கும். வண்டி எண்ணையும் வருஷத்தையும் பெயராகக் கொடுத்து எல்லா பிடிஎஃப்பையும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள். டிசம்பர் கிளைமின் செட்டில்மென்ட் கடிதத்தையும் அதோடு சேருங்கள். அதில் தேதியும் தொகையும் இருக்கும். புதிய கம்பெனியின் கேள்விக்கு அதைப் பார்த்து அப்படியே பதில் போட்டுவிடலாம்.